விரல்களுக்கு ஒரே பாடம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலின்போது, கணிப்பொறித் துறை மாணவர்களுக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துறைத் தலைவர் போனில் கூப்பிட்டு, "பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க ஸார்" என்றார். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும்போது, அடித்த வரியைத் திருத்துகிறோமே, அதற்கு எந்த விசையைத் தட்டுவது, அது எல்லா ப்ரோகிராமிலும் ஒரே மாதிரி வேலை செய்ய என்ன வழி, அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. பத்து நிமிஷம் பொறுங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்கு நான் ஒரு விலை கொடுத்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கிற மூத்தவர்களில் பாதிப் பேர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக அடித்தவர்கள். கீபோர்டைக் குனிந்து பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். ஏன் அப்படி? எழுத்து எங்கே இருக்கிறது என்பது மண்டையில் இருக்கக் கூடாது, விரலில் இருக்க வேண்டும் என்பதற்காக. ரெமிங்டனில் பழகிவிட்டு கோத்ரெஜில் பரீட்சை எழுதலாம். மெஷின் மாறும், சத்தம் மாறும், எழுத்து இருக்கும் இடம் மாறாது. அந்த நம்பிக்கையில்தான் விரல் ஓடும்.

கம்ப்யூட்டரில் எழுத்துகள் இடம் மாறுவதில்லை. ஆனால் கன்ட்ரோல் விசையோடு சேர்த்துத் தட்டும் எழுத்துகளின் அர்த்தம் ப்ரோகிராமுக்கு ப்ரோகிராம் மாறுகிறது. விரலுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஓடும்.

என் கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் எனக்குப் புதிதாக ஒரு மாக் மடிக்கணினி கொடுத்தார்கள். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மாக்கில் இயல்பாக வரும் ஷெல், இசட்-ஷெல். அதற்கு முன் பாஷ். நாங்கள் வேலை செய்த சர்வரிலோ பாஷ்தான். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கன்ட்ரோல்-யூ தட்டினால் இசட்-ஷெல் வரி முழுவதையும் அழித்துவிடும். பாஷ் அப்படியில்லை. கர்சருக்கு முன்னால் இருப்பதை மட்டும் அழிக்கும், பின்னால் இருப்பதைத் தொடாது. மடிக்கணினியில் ஆறு மாசம் உட்கார்ந்ததில் என் விரலுக்கு இசட்-ஷெல் பழக்கம் ஏறிவிட்டது.

ஒரு சாயங்காலம் சர்வரில் இரண்டு டைரக்டரிகளைப் பட்டியலிட எல்.எஸ். கட்டளை அடித்துக்கொண்டிருந்தேன். முதல் பெயரில் ஓர் எழுத்துப்பிழை. பின்னால் போய்த் திருத்தினேன். கர்சர் அந்த முதல் பெயரின் முடிவிலேயே நிற்கிறது. அப்போதுதான், முதலில் ஒரு தற்காலிக டைரக்டரியை நீக்கிவிடலாமே என்று தோன்றியது. கன்ட்ரோல்-யூ தட்டினேன். வரி முழுக்கப் போய்விட்டது என்பது என் நினைப்பு. ஆர்.எம். கட்டளையை மைனஸ்-ஆர் சேர்த்து அடித்து, தற்காலிக டைரக்டரியின் பெயரையும் அடித்து, என்டரைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு லைன் மெதுவாக இருந்தது. நான் அடித்தது திரையில் வந்து சேர்வதற்குள் என்டர் போய்விட்டது.

வந்து சேர்ந்த வரியைப் பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. எல்.எஸ். வரியிலிருந்த இரண்டாவது பெயர் அழியாமல் வாலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தற்காலிக டைரக்டரியோடு அதுவும் போய்விட்டது. அதில் நாலு பேர் காலையிலிருந்து உட்கார்ந்து பதிவு செய்த வேலை இருந்தது. முந்தின ராத்திரி எடுத்த நகல் இருந்ததால் பழையது பிழைத்தது. அன்றைய நாள் போனது போனதுதான்.

அந்த நாலு பேரும் மறுநாள் ராத்திரி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, "பரவாயில்லை ஸார், நீங்க வேணும்னா செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தப்பைக் கீபோர்டு மேல் போட மாட்டேன். திரையைப் பார்க்காமல் என்டர் தட்டியது நான்தான். ஆனால் ஏன் அப்படித் தட்டினேன் என்று தேடிப் போனதில் கற்றதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? யூனிக்ஸ் பிறந்த காலத்தில் திரையே கிடையாது. டெலிடைப் என்ற காகிதம் ஓடும் மெஷின்தான். காகிதத்தில் அடித்த எழுத்தை அழிக்க முடியாது. அதனால் ஹேஷ் குறி அடித்தால் கடைசி எழுத்து ரத்து, அட் குறி அடித்தால் வரி முழுக்க ரத்து என்று வைத்திருந்தார்கள். ரத்து செய்ததும் காகிதத்தில் நிற்கும், கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கணக்கில் எடுக்காது.

திரை வந்த பிறகு 1976-இல் இரண்டு எடிட்டர்கள் பிறந்தன. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் ஈமேக்ஸ், கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய வி.ஐ. ஈமேக்ஸ் வழியில் கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கம், கன்ட்ரோல்-ஈ வரியின் முடிவு. வி.ஐ. வழியே வேறு. எஸ்கேப் தட்டினால் எழுத்துகளே கட்டளைகளாகிவிடும். ஹெச், ஜே, கே, எல் நாலும் திசை காட்டும். ஏன் அந்த நாலு? பில் ஜாய் உபயோகித்த ஏ.டி.எம்.-3ஏ டெர்மினலில் அந்த நாலு விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது, அதனால்தான். ஒரு மனிதரின் மேஜை மேல் இருந்த மெஷின், இன்றைக்கு நம் விரல் போகும் பாதையைத் தீர்மானித்திருக்கிறது.

பெல் ஆய்வகத்தின் டேவிட் கார்ன் 1983-இல் தம் கார்ன் ஷெல்லை அறிவித்தார். கட்டளை வரியையே ஈமேக்ஸ் பாணியிலோ வி.ஐ. பாணியிலோ திருத்தும் வசதி அதில் இருந்தது. பிறகு 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் வெளிவந்தது. வரியைத் திருத்தும் வேலையை மட்டும் தனியாகப் பிரித்து ரீட்லைன் என்ற ஒரு நூலகமாக வைத்தார்கள். இதுதான் முக்கியமான இடம். அந்த நூலகத்தை எந்த ப்ரோகிராமும் சேர்த்துக்கொள்ளலாம். பிழை தேடும் ஜி.டி.பி. சேர்த்துக்கொண்டது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பி-எஸ்க்யூஎல்லையும் அதோடு சேர்த்துக் கட்டலாம். இப்படி இன்னும் எத்தனையோ. பாஷையும் ரீட்லைனையும் நெடுங்காலமாகப் பராமரித்து வருபவர் செட் ரேமி.

ஆகவே நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் அதைக் கேட்க மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள், இயக்க முறைமைக்குள் இருக்கும் டெர்மினல் டிரைவர். இரண்டாவது ஆள், ரீட்லைன் போன்ற நூலகம். மூன்றாவது ஆள், ப்ரோகிராமே. நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போச்சு.

லேபுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். கேட் என்ற கட்டளையை, எந்தக் கோப்பின் பெயரும் கொடுக்காமல் ஓட்டுங்கள். சும்மா நாலு வார்த்தை அடியுங்கள். இடது அம்புவிசையைத் தட்டினால் கர்சர் நகராது. தொப்பிக்குறி, சதுர அடைப்பு, டி என்று குப்பை விழும். கன்ட்ரோல்-ஏ தட்டினாலும் தொப்பிக்குறியோடு ஓர் ஏ விழும். இப்போது கன்ட்ரோல்-யூ தட்டுங்கள். வரி முழுக்க அழியும். கன்ட்ரோல்-டபிள்யூ தட்டினால் ஒரு வார்த்தை அழியும். கேட்டுக்கு வரி திருத்தவே தெரியாதே, அப்புறம் அழித்தது யார்? டெர்மினல் டிரைவர். எந்த ப்ரோகிராமிலாவது அம்புவிசை தட்டினால் குப்பை விழுகிறதா? அங்கே இரண்டாவது ஆள் இல்லை என்று அர்த்தம்.

இனி வைத்தியம். உங்கள் ஹோம் டைரக்டரியில் ஒரு கோப்பு உண்டாக்குங்கள். பெயர்: முதலில் ஒரு புள்ளி, பிறகு ஐ, என், பி, யூ, டி, ஆர், சி. இன்புட்-ஆர்.சி. என்று சொல்வார்கள். ரீட்லைனைப் பயன்படுத்தும் ப்ரோகிராம்கள் எல்லாம் இந்த ஒரே கோப்பைத்தான் படிக்கும். பல தம்பிகள் பாஷின் சொந்தக் கோப்பில் "செட் மைனஸ்-ஓ வி.ஐ." என்று எழுதிவிட்டு, "ஏன் ஸார் ஜி.டி.பி.யில் மட்டும் வி.ஐ. வரலை?" என்று கேட்பார்கள். அது பாஷிடம் மட்டும் சொன்ன ரகசியம், ஜி.டி.பி.க்கு எப்படித் தெரியும்? இன்புட்-ஆர்.சி.யில் சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் சொன்னது மாதிரி.

என் கோப்பில் இருப்பது நாலே வரி. முதல் வரி, டாலர் குறி போட்டு இன்க்ளூட் என்று எழுதி, எட்சி டைரக்டரியில் இருக்கும் பொது இன்புட்-ஆர்.சி.யைக் கூப்பிடுகிறது. சொந்தக் கோப்பு வைத்த மாத்திரத்தில் ரீட்லைன் பொதுக் கோப்பைப் படிக்காமல் விட்டுவிடும். ஹோம், என்ட் விசைகள் திடீரென்று வேலை செய்யவில்லை என்று சிலர் புலம்புவது இதனால்தான். இரண்டாவது வரி, "செட் எடிட்டிங்-மோட் ஈமேக்ஸ்". வி.ஐ. பிடித்தவர்கள் அங்கே வி.ஐ. என்று போட்டுக்கொள்ளலாம். மூன்றாவதும் நாலாவதும் மேல் அம்புக்கும் கீழ் அம்புக்கும். முதல் சில எழுத்துகளை அடித்துவிட்டு அம்பைத் தட்டினால், அந்த எழுத்துகளில் தொடங்கும் பழைய கட்டளைகள் மட்டும் வரும். அந்தச் செயலுக்கு ரீட்லைனில் பெயர் ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட், எதிர்த்திசைக்கு ஃபார்வர்ட். ஒரு விசை என்ன குறியை அனுப்புகிறது என்று தெரிய வேண்டுமானால் கன்ட்ரோல்-வி தட்டிவிட்டு அந்த விசையைத் தட்டுங்கள், திரையில் காட்டிவிடும். கோப்பை மாற்றியதும் ஈமேக்ஸ் பாணியில் இருப்பவர்கள் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் தட்டினால் போதும், திரும்பப் படித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. கன்ட்ரோல்-யூவையோ கன்ட்ரோல்-டபிள்யூவையோ இந்தக் கோப்பில் மாற்றி எழுதினால் மாறவே மாறாது. டெர்மினல் டிரைவர் தனக்கென்று வைத்திருக்கும் விசைகளை ரீட்லைன் மரியாதைக்காக அதே அர்த்தத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதியதை மேலெழுதிவிடும். "பைண்ட்-டி.டி.ஒய்-ஸ்பெஷல்-சார்ஸ்" என்ற அமைப்பை "ஆஃப்" என்று போட்டால்தான் உங்கள் பேச்சு எடுபடும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று எனக்கு.

கன்ட்ரோல்-எஸ் இன்னொரு வேடிக்கை. தெரியாமல் தட்டினால் திரை உறைந்துவிடும். "ஸார், ஹேங் ஆயிடுச்சு" என்று விண்டோவையே மூடிவிடுவார்கள். ஹேங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. "கொஞ்சம் நிறுத்து" என்று டெர்மினல் டிரைவருக்குச் சொல்லும் பழைய சைகை அது. கன்ட்ரோல்-க்யூ தட்டினால் மறுபடி ஓடும். ரீட்லைனில் கன்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளைப் பின்னோக்கித் தேடும், கன்ட்ரோல்-எஸ் முன்னோக்கித் தேட வேண்டும். முதல் ஆள் அதைப் பிடுங்கிக்கொள்வதால் இரண்டாவது ஆளுக்குப் போய்ச் சேருவதே இல்லை. பாஷின் கோப்பில் "எஸ்.டி.டி.ஒய். மைனஸ்-ஐக்ஸான்" என்று ஒரு வரி போட்டால் வழி விட்டுவிடும்.

சரி, ரீட்லைன் இல்லாத வீடுகளுக்கு என்ன செய்வது? அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, ரீட்லைனுக்குப் பங்காளி மாதிரி இருக்கும் லிப்எடிட். ரீட்லைன் ஜி.பி.எல். உரிமத்தில் வருவது; அந்த நிபந்தனை ஒத்துவராதவர்கள் பி.எஸ்.டி. உரிமத்தில் உள்ள லிப்எடிட்டை வைத்துக்கொள்கிறார்கள். மாக்கில் இருப்பது இதுதான். இது இன்புட்-ஆர்.சி.யைத் திரும்பியும் பார்க்காது. எடிட்-ஆர்.சி. என்று இதற்குத் தனிக் கோப்பு. அதில் பைண்ட், இடைவெளி, மைனஸ்-ஈ என்றால் ஈமேக்ஸ், மைனஸ்-வி என்றால் வி.ஐ. ஒரே வரியில் வேலை முடிந்தது.

இரண்டு, வரி திருத்தவே தெரியாத ப்ரோகிராம்கள். இவற்றுக்கு ஆர்.எல்.ராப் என்ற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் அந்தப் பெயரைச் சேர்த்து அடித்தால், ரீட்லைனைப் போர்வை மாதிரி அந்த ப்ரோகிராமின் மேல் போர்த்திவிடும். உங்கள் இன்புட்-ஆர்.சி.யும் கூடவே வந்துவிடும். லினக்ஸில் ஆரக்கிளின் எஸ்க்யூஎல்-பிளஸ்ஸோடு மல்லுக்கட்டியவர்கள் இதைக் கும்பிடுவார்கள்.

மூன்று, சொந்தமாக ஏற்பாடு வைத்திருப்பவர்கள். இசட்-ஷெல்லுக்குத் தன் சொந்தத் திருத்தி உண்டு, பைண்ட்கீ என்ற கட்டளையால் விசைகளை மாற்றலாம். அதில் ஒரு வினோதம்: எடிட்டர் என்ற சூழல் மாறியில் வி.ஐ. என்ற எழுத்துகள் இருந்தாலே அது தானாக வி.ஐ. பாணிக்குப் போய்விடும். கேட்காமலேயே உபகாரம்! விண்டோஸின் பவர்ஷெல்லில் பி.எஸ்-ரீட்லைன் என்ற பகுதி உண்டு, அதையும் ஈமேக்ஸ் பாணிக்கு மாற்றலாம். பைதான் 2024-இல் வந்த 3.13 பதிப்பில் தன் ஊடாடும் திரையைப் புதிதாக எழுதிக்கொண்டது. அந்தப் புதிய திரை இன்புட்-ஆர்.சி.யைப் பொருட்படுத்துவதில்லை. பழையதே வேண்டும் என்றால் பைதான்-பேசிக்-ஆர்.ஈ.பி.எல். என்ற சூழல் மாறிக்கு ஒன்று என்று மதிப்புக் கொடுத்தால் போதும். ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்து, வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு.

ஆக, எல்லாவற்றையும் ஒரே கோப்பால் கட்டிப்போட முடியாது. ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மூன்று நாலு இடத்தில் அதையே சொல்லி வைக்க வேண்டும். ஈமேக்ஸா வி.ஐ.யா என்று கேட்டுச் சண்டை போடாதீர்கள். உங்கள் விரல் எதில் இருக்கிறதோ அதுவே நல்லது. பாதி இது பாதி அது என்று வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சம்பவத்துக்குப் பிறகு எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கன்ட்ரோல்-யூவுக்கு சர்வரிலும் இசட்-ஷெல் பழக்கத்தைக் கொண்டுவரலாம், இல்லையென்றால் என் மடிக்கணினியை பாஷ் பழக்கத்துக்குத் திருப்பலாம். முதல் வழிதான் முதலில் தோன்றியது. ஆனால் நாளைக்கு இன்னொரு சர்வர், அடுத்த வாரம் வாடிக்கையாளர் இடத்தில் வேறொன்று. எல்லா இடத்திலும் என் கோப்பைக் கொண்டுபோய் வைக்க முடியுமா? அது என் மெஷினும் இல்லை. அவசரத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளே போகிறபோது அங்கே இருப்பது இயல்பான அமைப்பு மட்டும்தான். அதனால் என் மடிக்கணினியில் பைண்ட்கீ கொண்டு கன்ட்ரோல்-யூவை "பேக்வர்ட்-கில்-லைன்" என்று மாற்றிவிட்டேன். நான் போய்ப் புழங்குகிற ஊரின் வழக்கத்தை என் வீட்டிலும் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சொந்த மெஷினை எவ்வளவு அலங்காரம் வேண்டுமானாலும் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அழிக்கிற விசைகளை மட்டும், அடுத்தவர் மெஷினில் எப்படி இருக்குமோ அப்படியே விட்டு வையுங்கள். நகர்த்துகிற விசை தப்பினால் கர்சர் வேறு இடத்தில் நிற்கும். அழிக்கிற விசை தப்பினால் என் கதைதான்.

கூடவே ஒரு பழக்கம். வரி முழுக்க வேண்டாம் என்று தோன்றினால் முதலில் கன்ட்ரோல்-ஈ, பிறகு கன்ட்ரோல்-யூ. முடிவுக்குப் போய்விட்டு அழித்தால் பாஷிலும் சரி, இசட்-ஷெல்லிலும் சரி, வரி மொத்தமும் போய்விடும். ஒன்றுமே தெரியாத அந்தக் கேட்டில்கூட, கன்ட்ரோல்-ஈ குப்பையாக விழுந்தாலும் கன்ட்ரோல்-யூ அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். வி.ஐ. பாணிக்காரர்கள் மட்டும் தங்கள் வழியில் வரியின் முடிவுக்குப் போய்விட்டு அழிக்க வேண்டும். இரண்டு விசை, அரை நொடி. அதற்குப் பிறகும் நீக்குகிற கட்டளையாக இருந்தால், என்டருக்கு முன்னால் கையை எடுத்துவிட்டுக் கண்ணால் ஒரு தடவை படியுங்கள். அந்த நாலு பேருக்காகச் சொல்கிறேன்.

இன்று சாயங்காலம் லேபில் ஒரு மணி நேரம் இருப்பேன். கேட் சோதனையை எல்லாரும் ஒரு தடவை செய்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் வந்து கேளுங்கள். இந்தக் கல்லூரியில் எங்களுக்கு வகுப்பில் கிடைத்ததைவிட, வகுப்பு முடிந்து மரத்தடியில் சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது அதிகம். அந்தக் கடனில் கொஞ்சம் தீர்த்த திருப்தி எனக்கு.